வெட்டுப்பட்ட கொடிகளும் என் மகனுக்கு ஒரு வேலையும்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஒத்துழைக்கவில்லை. நீங்களும் அக்காவுமாவது சுகமாக இருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் உங்கள் மருமகனுக்கு, அதாவது என் மகனுக்கு, ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். மாவு பிசையட்டும், மூட்டை தூக்கட்டும், உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கட்டும். நாடு போரில் இறங்கினால் அவன் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். உணவுத் தொழிற்சாலையில் இருப்பவர்களை மட்டும் விட்டுவிடுவார்களாம். நாடு இறங்கப் போகிறதா என்பீர்கள். இறங்கப் போகிறது. யாரால் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் என்னால்தான்.

வெளியுறவு அமைச்சகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். தம்பி ராஜதந்திரி என்று அக்கா பீற்றிக்கொள்வாளே தவிர, விருந்துகளில் நாற்காலி போடுவதும் கொடி வைப்பதும்தான் என் ராஜதந்திரம். உலகமே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ள, நம் அரசு மட்டும் நடுநிலை. ஒரு தரப்புக்கு இரங்கல் செய்தி அனுப்பினால், அதையே பெயரை மாற்றி மறு தரப்புக்கும் அனுப்புவோம், அங்கே யாரும் சாகாவிட்டாலும். போன வாரம் அமைச்சர் இரண்டு தரப்புத் தூதர்களையும் ஒன்றாகத் தேநீருக்கு அழைத்தார். ஒருவர் மீசைக்காரர், ஒருவர் கண்ணாடிக்காரர். நாற்காலி சமம், கோப்பை சமம், தட்டில் பிஸ்கட்டும் சமம். கொடிகளை விரித்தால் மீசைக்காரரின் கொடி மட்டும் நான்கு விரல்கடை அதிக நீளம்! எங்கள் பிரிவில் எது கூடுதலாக இருந்தாலும் குறைத்துவிடுவதுதான் வழக்கம். அலுவலகத் தையற்காரரைக் கூப்பிட்டேன். ‘அடியில இருக்கற பச்சைக் கோட்டை எடுத்துட்டா சரியா வரும் சார்’ என்றார். ‘எடுய்யா, நேரமாச்சு’ என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அத்தான் நான் செய்த வெளியுறவுக் கொள்கை.

அந்தப் பச்சைக் கோடு ஒரு மாகாணமாம். எந்த மாகாணத்துக்காக இந்தப் போரே நடக்கிறதோ அதே மாகாணமாம்! மீசைக்காரர் கொடியருகே போய்க் கோடுகளை விரல்விட்டு எண்ணினார். மீசை துடித்தது. மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்து, ‘அவங்க மாகாணம் எங்கேன்னு தூதர் கேக்கறார்’ என்றார். நாக்கு குழறி, ‘தையற்காரர்கிட்ட இருக்கு’ என்று சொல்லிவிட்டேன். அதையும் அந்தப் பாவி மொழிபெயர்த்துவிட்டார். கண்ணாடிக்காரருக்கு ஒரே குஷி. நம் நாடு தன் பக்கம் வந்துவிட்டது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அமைச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. ‘நாம நடுநிலைய்யா! அவர் கொடியிலயும் அதே அளவு வெட்டு!’ என்று கண்ணாடிக்காரரைக் காட்டிக் கத்தினார். வெட்டினோம். அதில் அடியில் இருந்தது அவர்கள் ராஜாவின் உருவம். முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது கொடிகள் மறுபடியும் சமமில்லை என்பதை நான் ஒருவன்தான் கவனித்தேன்.

இரண்டு தூதர்களும் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுநாளே இரண்டு அரசுகளும் ஒரே மாதிரி எழுதிவிட்டன: அவனிடம் மன்னிப்புக் கேட்டால் நீ எங்களுக்கு எதிரி. இரண்டு பேரிடமும் உதை வாங்குவதைவிட ஒருவரோடு சேர்ந்துகொண்டு மற்றவரிடம் மட்டும் வாங்கலாம் என்று அமைச்சரவை நினைக்கிறது. சேர்வது முடிவாகிவிட்டது, யாரோடு என்பதுதான் பாக்கி.

என் வேலை போனால் போகட்டும் அத்தான். பிள்ளை இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குகிறான். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நாற்காலி போட்டீங்க, பெத்த பிள்ளைக்கு ஒரு இடம் பாக்கத் துப்பில்லையே’ என்று உங்கள் தங்கை முறைக்காரி அழுகிறாள். உங்களை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். விஷயத்தை அவளிடம் மெல்லச் சொல்லுங்கள். குழந்தைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். இதை இப்போதெல்லாம் ஒப்புக்கு எழுத முடிவதில்லை.

தங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
மைத்துனன்

பி.கு.: மேலே கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தபாலில் போடச் சொல்லி மகனிடமே கொடுத்தேன். படித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தான். ‘மாமாவைத் தொந்தரவு பண்ணாதீங்கப்பா. நேத்தே பட்டாளத்துல போய்ப் பேர் குடுத்துட்டேன். நீங்க வெட்டினதுக்கு நம்ம வீட்டிலேருந்து யாராவது போகணும்ல?’ என்றான். கடிதத்தை வாங்கிக்கொண்டு, ‘எந்தப் பக்கம்டா?’ என்றேன். ‘நானும் கேட்டேன்பா. அதை அப்புறம் சொல்றோம், இப்போ சட்டை அளவைச் சொல்லுன்னாங்க.’