கருப்பசாமி கோயிலில் ஒரு நல்லி எலும்பு வழக்கு

பொறாமை பெரிய ஆட்களுக்குப் பதவியில் வரும், பங்களாவில் வரும், பக்கத்து வீட்டுக் காரில் வரும். எனக்கு ஆட்டின் கால் எலும்பில் வந்தது. (சிரிக்கிறவர்கள் மாமியார் வீட்டில் நல்லி எலும்பு கிடைத்துப் பழகி, பிறகு கிடைக்காமல் போனவர்களாக இருக்க முடியாது.)

தொண்ணூறுகளில் நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் எடுத்திருந்தேன். மாமனாருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் சாந்தா என் மனைவி. அந்த வீட்டுக்கு நான் ஒரே மருமகனாக இருந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறும். மாமியார் கறிச்சட்டிக்குள் கரண்டியை விட்டு, துழாவி, நல்லியைத் தேடிப் பிடித்து என் இலையில் வைப்பார். நான் அதைத் தட்டி உறிஞ்சிய பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆனது. சகலை சேகருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. உலகத்தில் உப்புத்தண்ணீர் தொடுகிற இடமெல்லாம் போய் வந்தவர். நான் அதுவரை போயிருந்த தூரதேசம் மணியாச்சி ஜங்ஷன். அதுவும் ரயில் மாறுவதற்காக.

குலசாமிக் கொடை விழாவுக்காக எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது, மாமியார் பேச்சுவாக்கில், "கப்பல் போற ஊர்கள்லல்லாம் என்ன மாப்பிள்ளை சாப்பிடுதாக?" என்று கேட்டுவிட்டார்.

"கொரியாவுல நாய்க்கறி திங்கிறவுக உண்டு அத்தை. ஜப்பான்ல குதிரைக்கறிய வேகவைக்காம, மெலிசா சீவி அப்படியே திங்காக. பிரான்ஸ்ல நத்தை, தவளைக்கால். தென்னமெரிக்காவுல பெருச்சாளி மாதிரி ஒண்ணு, அத முழுசாப் பொரிச்சு பல்லோட தட்டுல வைப்பாக. சீனாவுல நானே பாம்பு தின்னிருக்கேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இந்த ஆளை இனி இந்த வீட்டில் பந்தியில் உட்கார வைப்பார்களா என்ன? ஆனால் மாமியார் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாம்புக்குத் தேங்கா அரைச்சு ஊத்துவாகளா?"

"இல்ல அத்தை, சூப்புதான்."

"மஞ்சப்பொடியாவது போடுவாகளா?"

"போட மாட்டாக."

"அய்யய்ய, அப்போ கவுச்சி எப்படிப் போகும்?"

பாம்பைத் தின்றது ஒரு குற்றமே இல்லை. மஞ்சள் போடாததுதான் குற்றம். பன்றிக்கறியை வாசல்படி ஏறவிடாத என் மாமனார், "குதிரையில எந்த இடம் மாப்பிள்ளை ருசியா இருக்கும்?" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான்கூட ஈசல் தின்னிருக்கேன்," என்றேன்.

"அந்தா டப்பாவுல வறுத்து வச்சிருக்கு. வேணுமின்னா எடுத்துக்கோங்க," என்றார் மாமியார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"வெள்ளெலி?"

"அத நம்ம ஊர்ல சின்னப்பிள்ளைகளே சுட்டுத் திங்கும்லா."

அன்று மத்தியானம் கரண்டி சட்டிக்குள் இறங்கியது. துழாவியது. நல்லியைப் பிடித்தது. என் இலையைத் தாண்டிப் போய்ச் சகலை இலையில் இறங்கியது. "பாவம், பாம்பும் பல்லியும் தின்னு வாய் செத்துப்போயிருக்கும்," என்றார் மாமியார். எனக்கு ஒரு உருளைக்கிழங்கு விழுந்தது.

சாந்தாவிடம் முறையிட்டேன். "ஒரு எலும்புக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? வெளிய தெரிஞ்சா என் மானம் போயிரும். மனசுக்குள்ளயே வச்சுக்கோங்க," என்றாள். வைத்துக்கொண்டேன். அதுதான் வினை.

மறுநாள் கொடை. கருப்பசாமி முன்னால் கிடாவுக்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உலுப்பிச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை அரிவாளை ஓங்கமாட்டார்கள்.

"உலகத்துல எங்கயும் ஆட்டுக்கிட்டக் கேட்டுட்டு ஆட்ட வெட்டி நான் பாத்ததில்ல அண்ணாச்சி," என்றார் சகலை.

தண்ணீர் ஊற்றினார்கள். கிடா தன் கழுத்து மாலையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. மறுபடி ஊற்றினார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பொறுமையோடு நின்றது. உச்சி வெயில். கரிசக்காட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அண்டாவில் தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பாதியாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் அழுதன.

சாமியாடுவது மாமனாரின் அண்ணன். சாதாரண நாளில் சைக்கிள் கடையில் வாய் திறக்காமல் பஞ்சர் ஒட்டுகிறவர். சாமி வந்துவிட்டால் ஆளே வேறு. "எவனோ மனசுல குறைய வச்சுக்கிட்டு என் வாசல்ல நிக்கான்லே! சொல்லச் சொல்லு!" என்று கத்தினார்.

கிடா சிலிர்க்காவிட்டால் வீட்டு ஆட்கள் தங்கள் மனக்குறையை, தப்பைச் சொல்லிவிட வேண்டும். அது அங்கே முறை. மாமனார் கோயிலுக்கு வெள்ளையடிக்காததற்கு மன்னிப்புக் கேட்டார். கிடா அசையவில்லை. சகலை கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, நான் பாம்பெல்லாம் தின்னது தப்புன்னா பொறுத்துக்கணும்."

அதுதான் காரணம் என்று கூட்டமே நினைத்தது. நான் மனதார வேண்டிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினார்கள். கிடா சகலையைப் பாசத்தோடு பார்த்துவிட்டு மீதி மாலையைத் தின்றது. ஆக, கருப்பசாமியும் அவர் கட்சி.

சாமியாடி கூட்டத்தைச் சுற்றி வந்தார். என் முன்னால் நின்றார். நகரவே இல்லை. (முழியே காட்டிக்கொடுத்திருக்கும்.) சாந்தா இடுப்பில் கிள்ளினாள். "சொல்லித் தொலைங்க, பிள்ளைக பசியில கெடக்கு."

முனகினேன்.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரேடியோ செட்காரன் கடமை தவறாதவன். ஓடிவந்து மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"எனக்கு நல்லி எலும்பு வைக்கல!"

ஒலிபெருக்கிக் குழாயை ஏதாவது மரத்தில் கட்டியிருந்தால் சத்தம் அந்த ஊரோடு நின்றிருக்கும். கோபுரமும் மரமும் இல்லாததால் தண்ணித்தொட்டி மேலே கட்டியிருந்தார்கள். அடுத்த மூன்று ஊருக்கும் கேட்டது. அந்த நிமிஷம் கிடா சிலிர்த்தது பாருங்கள், அதன் மேலிருந்த மஞ்சள் தண்ணீர் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில். மைக் 'கிய்ய்ங்' என்று அலறியதில்தான் அது சிலிர்த்தது என்று இன்றுவரை வாதாடுகிறேன். ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத நேத்தே சொல்லப்பிடாதா மாப்பிள்ளை!" என்றார். அன்றைக்குக் கிடாவின் நல்லி முழுவதும் என் இலையில். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று நான் உறிஞ்சுவதை வேடிக்கை பார்த்தது.

சகலை கப்பலுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இதைச் சொல்லியிருக்கிறார். கொரியாக்காரர் ஒருவர், ஆட்டிடம் உத்தரவு கேட்கிற மனிதர்களா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். என் பெயர் போகாத துறைமுகம் இல்லை. நான் இன்னும் மணியாச்சியைத் தாண்டவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு கொடையிலும், தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சாமியாடி, "மூத்த மருமகனுக்குக் குறை ஏதும் உண்டா லே?" என்று கேட்பார். நான் மைக்கில், "ஒண்ணும் இல்ல சாமி," என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் செம்பைத் தூக்குவார்கள்.

போன கொடைக்கு, பங்காளி வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இந்த முறை எந்தக் காலத்துல இருந்து நடக்குது?" என்று பயபக்தியோடு கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அது பூட்டன் காலத்துல இருந்து வாரது. மருமகன் வாயால சொன்னாத்தான் கிடா சிலிர்க்கும்."

புது மருமகன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உங்களுக்குப் பிறகு யாரு அண்ணாச்சி சொல்லணும்?"

"நீங்கதான்," என்றேன்.