திருப்பிப் போட்ட அரிசி

அன்புள்ள தம்பி ரோசியாமாவுக்கு, செர்ச்சிப்பிலிருந்து அண்ணி தன்சாங்கி உன் கையைக் குலுக்கி எழுதுவது. நானும் மகள் ரெம்புயியும் கர்த்தர் தயவில் இருக்கிறோம். ஷில்லாங்கில் நீயும் மல்சோமியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். குளிர் வந்துவிட்டது, காதை மூடிக்கொள். உன் அண்ணன் இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வார்.

விஷயம் இதுதான். அண்ணனுக்குக் கல்லறைக் கல் வைக்க வளர்க்கிற பன்றியை விற்று, அந்தப் பணத்தைச் சபைக்குக் கொடுக்கப்போகிறேன். இந்த டிசம்பரில் கல் வராது. சம்மதம் என்று நீ ஒரு வரி எழுது. ஏன் என்று கேட்பாய். அதை எழுத முடியாமல்தான் மூன்று நாளாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் திருடி, தம்பி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமும் திருடினேன்.

ஜீப் ஓட்டப் போகிறவர் ஆனதால் காலையில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டி உலைக்கு அரிசி அளப்பது அவர்தான், அது உனக்குத் தெரியும். அளந்ததில் சபைக்குக் காணிக்கையாக ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவார். எல்லா வீட்டிலும் போடுகிறதுதான், ஆனால் அவர் கை உனக்குத் தெரியுமே, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து முறம் மாதிரி ஆன கை. ஜீப் வாடகையில் பத்தில் ஒன்றை வீட்டுக்குள் வரும் முன்பே உறையில் போட்டுவிடுவார், மிச்சம் ஒன்பதைப் பன்னிரண்டாக நீட்டுவது என் வேலை. முதல் வருஷம் மாதக் கடைசியில் அரிசி போதவில்லை. அவர் கிளம்பின பிறகு டப்பாவில் கைவிட்டுப் பாதியை எடுத்து அரிசி டின்னில் போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். பிறகு அரிசி போதுமான காலத்திலும் கை நிற்கவில்லை. அவரோ ஒவ்வொரு ஞாயிறும் கண்ணை மூடி, எங்கள் பிடி அரிசியை ஏற்றுக்கொள்ளும் என்று ஜெபிப்பார். நான் பக்கத்தில் ஆமென் சொல்வேன்.

பிப்ரவரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஜீப்பை ஓரமாக நிறுத்தி, ஒரு பயணிக்கும் கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அங்கே கர்த்தர் புத்தகத்தைத் திறந்து, கப்லியானா, உன் அரிசி பாதிதானே வந்திருக்கிறது என்று கேட்டால் அந்த மனுஷன் என்ன சொல்வார்? திருதிருவென்று முழிப்பார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வேளைக்கு மூன்று பிடி போட ஆரம்பித்தேன். ரெம்புயி தன் தட்டைப் பார்த்துவிட்டு, "சபை நம்ம வீட்ல சாப்பிடுது, நாமதான் அதுகிட்ட காணிக்கை வாங்குறோம்" என்றாள். இருபதாம் தேதிக்கே டின் காலி. கடை அரிசி விலைக்குப் பயந்து, சனிக்கிழமை சபையில் மலிவாக விற்கிற பிடி அரிசியையே வாங்கி வந்தேன். நூறு வீட்டு அரிசி ஒரே பானையில், பாதி கூழாகிவிட்டது, பாதி வேகவே மாட்டேன் என்கிறது. அதிலும் மூன்று பிடி எடுத்துச் சபைக்கே போட்டேன். வீடு வீடாகச் சபை அரிசி சேர்க்க வருகிற பியாக்வெலி அக்கா டப்பாவைக் கிளறிப் பார்த்து, "ஏன்டி, போன வாரம் நான் தூக்கிட்டுப் போன அரிசியை மறுபடியும் என் தலையிலயே வைக்கிறியா?" என்று கேட்டாள். இப்படியே போனால் நான் செத்தாலும் கணக்கு தீராது. அதனால்தான் பன்றி. கல் இல்லாமல் அவர் கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்க வேண்டாம்.

மல்சோமிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக முத்தம் வை. அண்ணனைக் காத்த கை உங்களையும் காக்கட்டும்.

உன் அண்ணி,
தன்சாங்கி

பின்குறிப்பு: தம்பி, மேலே எழுதினதை விட்டுவிடு, பன்றியை விற்கவில்லை. நேற்று உறையை ஒட்டும்போது பியாக்வெலி அக்கா வந்தாள். மனசு தாங்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். பல வருஷத்துக்கு முன்னால் ஜீப்பில் போகும்போது அண்ணன் அவளிடம் சொன்னாராம்: "என் வீட்டுக்காரி பாதியைத் திருப்பிப் போட்டுருவா. பிள்ளை வயித்துக்குத்தானே பண்றா. அதான் நான் ரெண்டு பிடியா அள்ளுறேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதக்கா, வெக்கப்படுவா."

இன்று காலை அவர் மாதிரி இரண்டு பிடி அள்ளி டப்பாவில் போட்டேன். பிறகு ஒரு பிடியை எடுத்து டின்னில் போட்டேன். இனி இரண்டு பேர் வேலையையும் நான்தான் பார்க்க வேண்டும்.