நடவு வயலில் ஒலித்த எழவுப் பாட்டு

சமயநல்லூருக்கு மேற்கே,
ஆவணி மாதம், புதன்கிழமை.

கோச்சடையில் வாடகை அறையில் இருந்துகொண்டு ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் என் அருமை மருமகப்பிள்ளை சிரஞ்சீவி முத்திருளனுக்கு, மாமன் விருமாண்டி தலை தொட்டு வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும், உன் அத்தை தங்கப்பொண்ணும், மகள் அன்னக்கொடியும், உழவு மாடுகள் இரண்டும் சுகம். என் சுகத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. நான் செத்துப்போனதாக யாராவது அங்கே வந்து சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். தலைமுழுகியிருந்தால் அதனால் நஷ்டமில்லை, உடம்புக்கு நல்லது.

உன் கடுதாசி கிடைத்தது. காலையில் எழுந்தால் வேலைக்குப் போக மனசே வரவில்லை என்றும், அடுத்த அறைக்காரனின் டிரான்சிஸ்டரில் பாட்டு வந்தால் மட்டும் கை தானாகச் சட்டையை எடுக்கிறது என்றும், ஆகவே ஒரு டிரான்சிஸ்டர் வாங்க உன் அப்பாவிடம் நான் சிபாரிசு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பா சின்னச்சாமியும் நானும் பேசி வருடக்கணக்காகிறது என்று தெரிந்தும் கேட்கிறாய். அந்தத் தைரியமும் பாட்டுக் கேட்டு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். பாட்டுக்கு மனுசனை வேலை செய்ய வைக்கும் சக்தி உண்டா என்ற உன் கேள்விக்கு, போன திங்கட்கிழமை நம் வயலில் நடந்ததையே பதிலாக எழுதுகிறேன். இதை நீ நம்பப் போவதில்லை. உன் அத்தை கூடவே இருந்தவள், அவளே நம்பவில்லை. ஆனாலும் நம் குலசாமி மீது ஆணையாக, ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் எழுதுகிறேன்.

பெரியாறு வாய்க்காலில் நம் பக்கத்து மடையை வருகிற வெள்ளிக்கிழமை அடைத்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பப் போகிறார்கள். அதற்குள் நட்டு முடிக்காவிட்டால் இந்த வருடம் நமக்கு விளைச்சல் இல்லை. நாற்றோ முற்றி, கல்யாணமாகாத பெரிய பிள்ளையைப் போல முறைத்துக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் நடவென்றால் வாடிப்பட்டியிலிருந்து உன் அப்பா ஒரு வண்டி ஆளோடு வந்து இறங்குவான். அன்னக்கொடியின் காதுகுத்தில் அது நின்றுபோனது உனக்கே தெரியும். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்த வேண்டிய பிள்ளை. தாய்மாமனோ சீர்வரிசையோடு பஸ்ஸுக்கு நிற்கிறான். நல்ல நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் எங்கிருந்தாலும் மடியோடு வரவும்" என்று நான் ஊருக்கே அறிவித்துவிட்டு, அடுத்த வீட்டுச் சோலையின் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிட்டேன். கடைசிச் சொட்டு ரத்தம் துடைக்கும்போது உன் அப்பா தட்டோடு வந்து நின்றான். தட்டை வைத்தான், திரும்பினான், போனான். அன்றைக்குப் போனவன்தான்.

ஆக எனக்கு ஆள் இல்லை. வந்திருந்த நாலைந்து பெண்களும், நாற்றைக் கோயில் பிரசாதம் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டு ஊன்றினார்கள். அப்போதுதான் உன் கடுதாசி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மைக் செட்டு நல்லகாமனைக் கூட்டிவந்தேன். மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் இழுத்து, வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, கல்யாணப் பாட்டில் ஒன்றைப் போட்டான். மாப்ள, என்னத்தைச் சொல்ல. ஊசியை வைத்ததும் பெண்கள் சேலையை வரிந்து கட்டினார்கள் பாரு, தவளைக்குத் தாவி ஒதுங்க நேரமில்லை, பாதித் தவளை நாற்றோடு சேர்த்து நடப்பட்டுவிட்டது. மாடு இரண்டும் தாளம் தப்பாமல் காலை எடுத்து வைத்ததில் சேற்றைச் சமன் செய்யப் பரம்படிக்கிற வேலையே மிச்சம். நம் வயல் முடிந்தது தெரியாமல் வரப்பைத் தாண்டி, சோலை வயலையும் முடித்து, ரோட்டுக்கு ஏறி, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போனபோதுதான் கேட் கீப்பர் பச்சைக் கொடியைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். இதிலே நட்டம் என்னவென்றால், அவசரத்தில் நம் வயல் நாற்றைத் தலைகீழாக ஊன்றிவிட்டார்கள். வேர் வெயில் காய்கிறது. மறுபடி பிடுங்கி நட வேண்டும்.

"எப்பா நல்லகாமா, வேகம் சாஸ்தி. கொஞ்சம் நிதானமாப் போடு" என்றேன்.

"நிதானமாவா? எங்கிட்ட ரெண்டு பெட்டி ரெக்கார்டுதாண்ணே இருக்கு. நல்லதுக்கு ஒரு பெட்டி, கெட்டதுக்கு ஒரு பெட்டி. நடுவுல ஒண்ணுங் கெடையாது."

"அப்ப கெட்டதுல கொஞ்சம் நல்லதாப் பாத்துப் போடுப்பா."

போட்டான். அங்கேதான் நான் மோசம் போனேன். நம் சீமையில் எழவு விழுந்தால் குழாயில் என்ன மாதிரிப் பாட்டு வரும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெண்கள் ஊன்றிய நாற்றை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் குந்தி, கொண்டையை அவிழ்த்துப் போட்டு, யார் செத்ததென்றே தெரியாமல் அழ ஆரம்பித்தார்கள். மாடு கண்ணீர் விட்டதில் வயலில் தண்ணீர் கூடிவிட்டது. திண்டுக்கல் ரோட்டில் போன பஸ்ஸை டிரைவர் மரியாதைக்கு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். கண்டக்டர் வாடிப்பட்டியில் இறங்கி, "விருமாண்டி தோட்டத்துல எழவுப் பாட்டுப் போடுது, பெரிய காரியந்தான் போல" என்று சொல்ல, அங்கே பெரிய காரியம் ஆகிற வயசுக்காரன் நான் ஒருத்தன்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

நான் முழங்கால் சேற்றில் நிற்கிறேன். ரோட்டிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வருகிறது. முன்னால் உன் அப்பா. தோளில் ரோஜா மாலை. கக்கத்தில், புருசன் செத்த தங்கச்சிக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடிச் சேலை. காலில் ஒற்றைச் செருப்பு, இன்னொன்று எங்கே விழுந்ததென்று அவனுக்கே தெரியாது. "மச்சான், ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியேடா" என்று அவன் அடித்துக்கொண்டு வந்த சத்தத்தில் குழாய்ப் பாட்டு காதில் விழவில்லை. நான் என்ன செய்வேன். "வாங்க மச்சான்" என்றேன். செத்தவன் வரவேற்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நின்றான்.

உன் அத்தை வந்தாள் பாரு. கோடிச் சேலையைப் பார்த்தாள். "பொறந்த வீட்டுச் சேலைன்னு இத்தன வருசமாக் கண்ணுல காட்டாத அண்ணன், எந் தாலி அறுக்க மட்டும் எம்புட்டு நல்லதாப் பாத்து எடுத்தாந்திருக்க?" என்று கேட்டாள். உன் அப்பா மாலையைக் கழற்றி நல்லகாமனின் ஆம்ப்ளிபயருக்குப் போட்டான். சேலையை நம் வயல் காக்கா பொம்மைக்குச் சுற்றினான். வேட்டியைத் தூக்கிக் கட்டி நாற்றங்காலில் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தான். "வந்தது வந்தாச்சு, நாத்து முத்திப் போச்சு, பாத்துக்கிட்டா நிக்கிறிய?" என்று அவன் ஒரு சத்தம் போட, வாடிப்பட்டி ஜனம் மொத்தமும் இறங்கியது. எழவுப் பாட்டுக்கே நட்டார்கள் மாப்ள. பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்து, பெண்கள் போட்ட குலவையில் வேப்பமரத்துக் குழாய் வெட்கப்பட்டுத் தானாக நின்றுவிட்டது. உன் அப்பா என்னோடு உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

ஆகையால் பாட்டுக்குச் சக்தி உண்டு என்பதே என் தீர்ப்பு. டிரான்சிஸ்டர் வாங்கு. வேளைக்குச் சாப்பிடு. ஆலையில் மேஸ்திரியை எதிர்த்துப் பேசாதே. கல்லும் முள்ளும் உன் காலுக்கு வழிவிட்டு ஒதுங்க, நீ நீடூழி நன்றாயிருக்க வேண்டும். அத்தை உன்னை நினைத்துக் கண்ணேறு கழிய நெட்டி முறித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் மாமன்,
விருமாண்டி.

பின்குறிப்பு: இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட உன் அத்தை, குலசாமி மேல் ஆணையிட்டதற்குப் பரிகாரமாக உண்மையை எழுதாமல் தபாலில் போடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன். மாடு அழவில்லை. ரயில் பக்கம் யாரும் போகவில்லை. கல்யாணப் பாட்டுக்கு யாருக்கும் வேகம் வரவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு முன்னைவிட மெதுவாக நட்டார்கள். வாடிப்பட்டி ஜனம் வரவில்லை. மாலை இல்லை, சேலை இல்லை, கறிச்சோறு இல்லை. பாதி வயல் நடாமல் அப்படியே கிடக்கிறது, வெள்ளிக்கிழமை மடையை அடைக்கிறார்கள். எழவுப் பாட்டு ஒன்று போட்டது உண்மை. அதைக் கேள்விப்பட்டு உன் அப்பா, தனியாக, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ரோட்டில் நின்று, நான் சேற்றில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். ஒற்றைச் செருப்போடு வந்தான் என்று எழுதினேனே, அந்தச் சின்ன விசயம் மட்டும் நிசம். இன்னொன்றை நான் பஸ் நிற்கிற இடம் வரை தேடிப்போய் எடுத்துவந்து, கழுவி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல். வரும்போது ஆளோடு வரச் சொல்.