ஷோபனாவின் முதுகும் என் முதுகும்

பருத்திப்பட்டு, ஆவடி.
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா கலைவாணி அவர்களுக்கு,

நாகேந்திரன் படுத்த வாக்கிலேயே கைகூப்பி எழுதிக்கொள்வது. வானகரத்தில் தாங்களும் சம்பந்தி தினகரன் அவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பென்சிலில் எழுதுகிறானே என்று மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே மகள் ஷோபனா இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் போட்டாலோ விரல் தவறிக் குடும்பக் குழுவுக்குப் போய்விடும், போன மாதம் என் சர்க்கரை ரிப்போர்ட் போனது போல. ஆகவே நாளை வரும் மாப்பிள்ளை அஸ்வின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வளைகாப்பு அன்று அத்தனை பேர் எதிரில், "அங்க பொம்பளத் துணை இல்லியே சம்பந்தி, முதுகுவலின்னு வேற சொல்றா, எங்க வீட்லயே இருக்கட்டுமே" என்று தாங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். நான்தான், "தலைப்பிரசவம் பொறந்த வீட்லதான்! அவ அம்மா இல்லன்னா, நானும் செத்தா போயிட்டேன்?" என்று எகிறினேன். கலந்த சாதத் தட்டோடு எல்லோரும் அப்படியே நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தாங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன். மூன்றே வாரம். தோற்றுவிட்டேன் அம்மா. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வந்த மறுநாளே, "இடுப்புக்கு மேல புடிச்சு இழுக்குதுப்பா" என்றாள். முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலையில் உதிரிபாகம் சோதித்தவன் நான், எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டேன். ஓர் அட்டை தயார் செய்து கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். தேதி, நேரம், வலி எந்த இடம், எவ்வளவு, கடைசிக் கட்டத்தில் 'ஓகே' அல்லது, திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தால் 'ரீவொர்க்', பக்கத்தில் என் கையெழுத்து. இரண்டு மணிக்கு ஒருதரம் போய் நின்று கேட்டேன். முதல் நாள் பொறுமையாகச் சொன்னாள். இரண்டாம் நாள், "நான் என்ன கியர்பாக்ஸாப்பா?" என்றாள். அதையும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு, மெத்தை அமுங்குவதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, அதைத் தூக்கிவிட்டுப் பிளைவுட் பலகையைப் போட்டேன். காலையில் எழுந்திருக்க முடியாமல் அவள் "அப்பா" என்று கூப்பிட்டாள். ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினோம். "வயிறு முன்னால இழுக்க இழுக்க முதுகுதான் ஈடு குடுக்குது, அதான் வலி, இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. மொதல்ல அந்தப் பலகைய எடுங்க சார். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கட்டும், முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி, வயித்துக்கு அடியில ஒண்ணு. தெனமும் கொஞ்சம் நடக்கட்டும்" என்றார்கள். அவர்கள் சொன்னது இரண்டு தலையணை. நான் வாங்கியது ஏழு. எங்களுக்குச் சமைத்துப் போடும் அஞ்சலை அறை வாசலிலேயே நின்று, "இன்னா சார், தலகாணிதான் கீது, பாப்பா எங்க?" என்று கேட்டாள்.

நடை விஷயம் இன்னும் மோசம். நடுவில் வலித்தால் உட்கார வேண்டுமே என்று, வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரையில் அவள் பின்னாலேயே போனேன். "நீ யாரோ மாதிரி தள்ளி வாப்பா" என்று கெஞ்சினாள். ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் சின்னசாமி என்று ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நிற்கிறது, எழுந்திருங்கள் ஐயா என்றால், "இர்ப்பா, எனுக்கும் முதுகுலதான் கோளாறு" என்று ஆரம்பித்தவர் தன் எலும்புகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஷோபனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தெம்பில்தான் கெட்டேன். கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, முதுகை மெல்லத் தூக்கி இறக்கும் பயிற்சி ஒன்றை ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனியாகச் செய்ய அவளுக்குக் கூச்சம். நானும் செய்கிறேன் என்று பக்கத்தில் பாய் விரித்தேன். அவள் அழகாகப் பத்துத் தடவை செய்தாள். எனக்கு மூன்றாவது தடவையே 'மளுக்' என்றது. நாலு காலில் அப்படியே நின்றுவிட்டேன். அவள் தூக்க ஓடிவந்தாள். "தொடாத! நீ வெயிட் தூக்கக் கூடாது!" என்று அந்த நிலையிலும் அதிகாரம் பண்ணினேன். அஞ்சலைதான் என்னைப் புரட்டிக் கட்டிலில் சேர்த்தாள். "சார், புள்ள பெத்துக்கப் போறது யாருன்னு ஒரு முடிவுக்கு வா சார்" என்று வேறு கேட்டாள். இப்போது ஏழு தலையணையும் எனக்குத்தான். அட்டையைத் திருப்பிப்போட்டு ஷோபனா என் வலியை எழுதுகிறாள். நேற்று மாலை 'ரீவொர்க்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம் அம்மா. நேற்று என் முதுகில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டே, "நான் வயித்துல இருக்கறப்போ அம்மாவுக்கும் இப்படித்தான் வலிச்சுதாப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த மாதங்களில் எனக்கு ஓவர்டைம். வருவேன், சாப்பிடுவேன், தூங்கிவிடுவேன். அவள் அம்மாவும் சொன்னதில்லை, நானும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்குச் செய்யாததையெல்லாம் மகளுக்குச் செய்து சரிக்கட்டிவிடலாம் என்ற ஆசையில்தான் அன்று சபையில் கத்தினேன். என் ஆசைக்கு இந்தப் பெண் ஏன் அவதிப்பட வேண்டும்? தாங்கள் இரண்டு பெற்றவர்கள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்று குரல் உயர்த்தியதை மன்னிக்கவும். பிறக்கப்போகும் பிள்ளைக்கும், அதைச் சுமப்பவளுக்கும், தங்கள் வீட்டார் அனைவருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
எழுந்து நின்று வணங்க இயலாத சம்பந்தி,
நாகேந்திரன்.

பின்குறிப்பு: எழுதிவிட்டுக் கண்ணயர்ந்தேன். ஷோபனா எடுத்துப் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ ஜெயிச்சேன்னா நெனச்சே? அத்தை பதில் சொல்லத்தான் வந்தாங்க. நான்தான் அவங்க கையப் புடிச்சு, காதோரமா, அப்பாகிட்ட அனுப்பிடுங்க அத்தைன்னு கெஞ்சினேன். முதுகு எங்க இருந்தாலும் வலிக்கும்பா. நீ இங்கதானே இருக்கே" என்றாள். ஆகையால் மேலே எழுதிய அனைத்தும் ரத்து. ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வர வேண்டாம், சாப்பிட வாருங்கள். என் கண் கலங்கியது முதுகுவலியால்தான் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கேட்டால் தாங்களும் அப்படியே சொல்லிவிடவும்.