சம்பந்தி திட்டியபோது கூடிய மீன்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, என் மகள், தங்கள் திருமகனாகிய என் மாப்பிள்ளை ஆகிய அனைவரும், என் இடது முழங்கால் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அங்கு தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் நலத்தையும், தங்கள் கோபம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். கேட்டேன். எப்போது அழைத்தாலும் சம்பந்தியம்மா எடுத்து, "அவரு குளிச்சிட்டிருக்காருங்க" என்கிறார். காலையிலும் குளியல், மதியமும் குளியல், மாலை செய்தி நேரத்திலும் குளியல். பின்னால் தாங்கள் கனைப்பதும், "நான் இல்லன்னு சொல்லு" என்பதும் தெளிவாகக் கேட்கின்றன. பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த அம்மாவை இனியும் சங்கடப்படுத்த மனம் வராததால் இந்தக் கடிதம்.

என் மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "சண்டை போட உலகத்துல வேற ஆளே கிடைக்கலயா? பொண்ணு குடுத்த வீட்டுலயா போய் வம்பு வளர்ப்பாங்க?" என்று தட்டை மேசையில் வைக்கும்போதெல்லாம் கேட்கிறாள். நான் சண்டை போடவே இல்லை. சண்டை போட்டது தாங்கள், நான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தாங்கள் திட்டத் திட்ட நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வருத்தப்பட்டீர்களாம். அதற்குத்தான் விளக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும். பாதியில் குளிக்கப் போய்விட வேண்டாம்.

நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நாம் இருவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும், தாங்கள் திடீரென்று "தூண்டில் போடுறதுண்டா?" என்று கேட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரே படகில் ஏரிக்குப் போகிறோம். பேசினால் மீன் ஓடிவிடும் என்பது முதல் நாளே தாங்கள் போட்ட சட்டம். சம்பந்திகளுக்கு இதைவிட வசதியான சட்டம் இருக்க முடியாது. "வந்துட்டீங்களா", "சாப்ட்டீங்களா", "கிளம்பலாமா" ஆகிய மூன்று சொற்களில் நம் உறவு ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதில்தான் இந்தக் கருவி வந்து விழுந்தது. என் பிறந்தநாளுக்குத் தங்கள் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "மாமா, இதுக்குப் பேரு நேரலை சோனார். தண்ணிக்குள்ள சத்தத்தை அனுப்பும், அது எதுலயாவது பட்டுத் திரும்பி வர்றத வச்சு, கீழ என்ன நடக்குதோ அத அந்த நொடியே திரையில காட்டும்" என்றார். வாழ்நாள் முழுவதும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று ஊரையே கேட்டவன் நான். இனிமேல் எனக்குப் பார்க்கப் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று உள்ளூர நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கருவியால் அன்று தாங்கள் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல, ஒத்துக்கொள்கிறேன். அதன் பேட்டரி தாங்கள் வழக்கமாகக் கால் நீட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் தாங்கள் சம்மணம் போட வேண்டியதாயிற்று, பேட்டரியின் கனத்தில் படகு என் பக்கம் சாய்ந்ததால் சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தே உட்கார வேண்டியதாயிற்று, கருவியைத் தண்ணீருக்குள் பிடித்திருந்த கம்பியில் தங்கள் தூண்டில் நரம்பு இரண்டு முறை சுற்றிக்கொண்டது, நான் திரையையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டதில் ஏரி நடுவே நிற்கிற பட்டமரத்தில் படகு மோதித் தங்கள் தொப்பி தண்ணீரில் விழுந்தது, அதை எடுக்கப்போய் டப்பாவும் விழுந்தது. இவ்வளவுக்கும் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீன் ஓடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆனால் சம்பந்தி, நான் பார்த்ததைத் தாங்கள் பார்க்கவில்லை. முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. இடி மழையில் டிவி கெட்டுப்போனால் தெரியுமே, அப்படித்தான் இருந்தது. "தூண்டில மெதுவா தூக்கி இறக்குங்க மாமா. எந்தப் புள்ளி கூடவே ஆடுதோ அதுதான் உங்க தூண்டி முள்ளு" என்று மாப்பிள்ளை கரையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். தூக்கினேன். இருட்டுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி ஏறியது. இறக்கினேன், இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் நான் தண்ணீருக்குள் எறிந்ததெல்லாம் கண்ணைவிட்டு மறைந்ததோடு சரி. இப்போது ஏரியின் அடியில் என் விரல் அசைவது எனக்கே தெரிகிறது. கொஞ்சம் தள்ளி, அடியில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரம் கிளை கிளையாகத் தெரிந்தது. கிளைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகளாக மீன்கள். அவற்றில் ஒன்று பிரிந்து என் புள்ளியை நோக்கி வந்தது. ஒரு சாண் தள்ளி நின்றது. நின்று பார்த்தது. நான் மூச்சு விடவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் திரும்பிப் போனது.

"இன்னிக்கு மீனே இல்ல" என்று எத்தனை சனிக்கிழமை வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறோம்! எல்லா நாளும் அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன. வந்து, நின்று, பார்த்து, வேண்டாம் என்று போயிருக்கின்றன. கடைக்கு வந்து எல்லாக் கண்ணாடிச் சட்டத்தையும் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை எனக்குத் தெரியும் என்பதால் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது பிரமிப்புதான். நாம் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே இவ்வளவு பெரிய ஊர் ஒன்று விழித்துக்கொண்டு இருந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை.

அந்தப் பிரமிப்பில்தான் என் வாய் திறந்துகொண்டது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாங்கள் ரகசியமாகப் பிசைகிற மாவு உருண்டையை மூன்று மீன்கள் முகர்ந்துவிட்டுத் திரும்பியதை நான் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்ததாக ஒரு பெரிய மீன் வந்தபோதாவது சும்மா இருந்திருக்கலாம். "இதோ வருது... கிட்ட வந்துடுச்சு... வாயத் தொறக்குது... கடிக்கப் போகுது சம்பந்தி, இழுங்க!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி முடித்த பிறகுதான் தண்ணீர்மேல் மிதந்த தங்கள் தக்கை அமிழ்ந்தது. தாங்கள் இழுக்கவே இல்லை. தூண்டிலைப் பலகைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

தாங்கள் அப்போது சொன்னது வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என்னங்க சம்பந்தி பண்ணிட்டீங்க? இந்தத் தக்கை முங்குற ஒரு நொடிக்காகத்தானே நான் வாரம் பூரா காத்துக்கிட்டிருக்கேன்! முங்குமா முங்காதான்னு பாத்துக்கிட்டே இருக்கேனே, அந்த நேரத்துல எனக்கு முதுகுவலி தெரியாது, ராத்திரி தூக்கம் வரலங்கறது தெரியாது, ஒண்ணுந் தெரியாது. அதப் போயி முன்னாடியே சொல்லிக் கெடுத்துட்டீங்களே! மீன் எங்க இருக்கு, எப்பக் கடிக்கும்னு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் இங்க எதுக்கு வெயில்ல உக்காரணும்? மார்க்கெட்ல வாங்கிட்டுப் போயிடலாமே!"

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே புறப்படுகிறது என்று ஆயுசெல்லாம் அறிவித்த குரல் அது. பன்னிரண்டு வருஷத்தில் நான் அதை முழு அளவில் கேட்டது அன்றைக்குத்தான். அக்கம்பக்கத்துப் படகுகள் எல்லாம் திரும்பின. போச்சு, ஏரியில் உள்ள அத்தனை மீனும் ஓடியிருக்கும் என்று பயந்து திரையைப் பார்த்தேன்.

ஒன்றுகூட ஓடவில்லை. அடியில் கிடந்த மரத்திலிருந்து ஒரு கோடு பிரிந்து நம் பக்கம் வந்தது. அதன் பின்னால் இரண்டு. தாங்கள் "வாரம் பூரா" என்றபோது ஐந்தாறு. "மார்க்கெட்" என்றபோது எண்ண முடியவில்லை. பெரிதும் சிறிதுமாக நம் காலுக்கு நேர் கீழே வந்து, வரிசையாக, அசையாமல் நின்றன. தாங்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோதும் கலையவில்லை; அடுத்து எந்த வண்டி என்று காத்திருப்பது போல நின்றன. சம்பந்தி, அதைப் பார்க்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். என் முகம் என்னை அறியாமல் மலர்ந்துவிட்டது. அதைத்தான் தாங்கள் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். "சம்பந்தி, இங்க கொஞ்சம் பாருங்களேன்" என்று நான் வேறு திரையைக் காட்டினேனா, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. கரை வருவதற்கு முன்னாலேயே முழங்கால் தண்ணீரில் இறங்கி, நனைந்த செருப்போடு, என் காரில் ஏற மாட்டேன் என்று நடந்தே போய்விட்டீர்கள்.

அதன்பின் மூன்று சனிக்கிழமை போய்விட்டது. ஏரியைத் தாங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. பாதிப் படகில் இந்தத் திரை வந்துவிட்டது. முன்பெல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு மீனைக் காலை முழுவதும் ஏரியைச் சுற்றித் துரத்தினார். அது கடிக்கவும் இல்லை, அவர் விடவும் இல்லை. இது பித்தலாட்டம் என்று தூண்டில்காரர் சங்கத்தில் ஒரு கட்சி, காலத்துக்கு ஏற்றது என்று ஒரு கட்சி. "முன்னால் பார்த்துப் படகு ஓட்டவும்" என்று படகுத் துறைக்காரர் பலகை மாட்டிவிட்டார். அதன்மேலும் ஒருவர் மோதினார்.

நான் தனியாகப் போய், தாங்கள் திட்டிய அதே இடத்தில் படகை நிறுத்தினேன். ஒரு கோடும் வரவில்லை. நானே சத்தமாகப் பேசிப் பார்த்தேன், வரவில்லை. அடுத்த வாரம் என் மனைவியை அழைத்துப் போனேன். அவள் என்னைத் திட்டுவதில் நெடுநாள் அனுபவம் உள்ளவள், கேட்டதும் தயங்காமல் ஆரம்பித்தாள். இரண்டு மீன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. கடைசியாக மாப்பிள்ளையைக் கெஞ்சினேன். தாங்கள் வளர்த்த பிள்ளை அல்லவா, "மாமா, நீங்க செஞ்சது கொஞ்சம்... அவ்வளவு சரியில்லங்க மாமா" என்பதற்குமேல் அவருக்கு வரவில்லை. "அன்னிக்கு வெயில் ஏறியிருக்கும் மாமா, படகு நிழலுக்கு மீன் வந்திருக்கும்" என்று ஒரு காரணமும் சொன்னார். படித்த பிள்ளை, அப்படித்தான் சொல்லும். நிழல் எல்லா வாரமும்தான் விழுகிறது.

எனக்கு மனதில் உறுத்துவது வேறு. பேசினால் மீன் ஓடிவிடும் என்று பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவை ஓடவே ஓடாது போலிருக்கிறது. நாம் பேசியிருக்கலாம் சம்பந்தி. தங்களுக்கு முதுகுவலி உண்டு என்பதும், ராத்திரி தூக்கம் வருவதில்லை என்பதும் தாங்கள் திட்டியதால்தான் எனக்குத் தெரியும். எனக்கும் தூக்கம் வருவதில்லை. முன்பே தெரிந்திருந்தால் துணைக்குக் கூப்பிட்டிருப்பேன்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். தங்களைவிட அந்தக் கருவி எனக்குப் பெரிதல்ல. அதைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரிக்குமேல் வைத்துவிட்டேன். இனி அது படகில் ஏறாது, இது சத்தியம். பேட்டரி இருந்த இடத்தில் தாங்கள் பழையபடி கால் நீட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளையிடம் கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் மனம் நோகக் கூடாது. வருகிற சனிக்கிழமை காலை தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடிப்பேன். தயவுசெய்து அந்த நேரத்தில் குளிக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். தங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். தங்களுக்கு நீண்ட ஆயுளும், நிறைந்த நலமும், நிம்மதியான தூக்கமும் வாய்க்க வேண்டும் என்று மனமார வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, மீன் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுன்னா எதுக்கு உக்காரணும்னு அவரு கேட்டாரே, அதுக்கு நீங்க பதிலே எழுதலயே?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நாற்காலிமேல் ஏறி, அலமாரிக்குமேல் இருந்த கருவியை மறுபடி இறக்கிவிட்டேன். மேலே செய்த சத்தியத்தில் ஒரு சின்னத் திருத்தம். கருவியை வீட்டில் வைத்துவிட்டு வருவதாக எழுதியிருந்தேன். தூண்டிலைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். எனக்கு இனி மீன் பிடிக்க வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நீங்கள் உங்கள் தூண்டிலையும் தக்கையையும் கொண்டு வாருங்கள், முதுகுவலியைப் பற்றி ஆற அமரச் சொல்லுங்கள். பேட்டரி என் காலடியில் இருக்கும், திரை என் பக்கம் திரும்பியே இருக்கும். கீழே எது வந்தாலும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் மட்டும் என் முகத்தைப் பார்க்காதீர்கள், தக்கையையே பாருங்கள்.