ஃபெலிசா பதில் சொல்லாத கேள்வி

துமகெத்தே,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் லக்சமானா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் சண்டைச் சேவலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உலக நிலவரம் பற்றிப் பதினான்கு வருடமாக வாரம் ஒரு கடிதம் எழுதும் டச்சுக்காரன் யோஸ்ட் நான்தான். இது என் கடைசிக் கடிதம். புதன்கிழமைக் கப்பலில் ஊரைவிட்டே போகிறேன்.

இரண்டு வல்லரசுத் தலைவர்கள் போன வாரம் ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினார்களாம். போனை வைத்த கையோடு ஒருவர் எல்லாம் முடிவாகிவிட்டது என்றார், மற்றவர் அப்படியொரு பேச்சே எழவில்லை என்றார். எனக்கு இது புதிதில்லை, இந்த ஊரில் ஒரு கேள்விக்கு வாயைத் திறந்து யார் பதில் சொல்கிறார்கள், முட்டை இருக்கிறதா என்றால் கடைக்காரர் புருவத்தைத் தூக்குவார், இருக்கிறது என்று அர்த்தம், எங்கே என்றால் உதட்டைக் குவித்து மூலையைக் காட்டுவார், இல்லை என்று மட்டும் எவரும் சொல்லமாட்டார், கேட்டவர் மனசு நோகுமாம். அப்படியிருந்தும், சந்தையில் வாழையிலையில் சுற்றிய புட்புட் என்ற அரிசிப் பலகாரம் விற்று, ஆறு வருடமாகத் தினம் காலையில் எனக்கென்று சூடாக இரண்டு எடுத்துவைக்கும் ஃபெலிசா என்ற விதவைப் பெண்மணியிடம், நேரில் கேட்கத் தைரியமில்லாமல் போனில் கேட்டேன்.

"ஃபெலிசா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் வீட்டுச் சேவல் கூவியது கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ மைக் பிடித்துப் பாடித் தொலைப்பது கேட்டது, அவளிடமிருந்து மட்டும் மூச்சில்லை. கடைசியில், "சாப்பிட்டாச்சா, சார்?" என்றாள்.

ஆச்சு என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் அழுதேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் அழுதேன். ஒன்பது நாளாகச் சந்தைப் பக்கமே போகவில்லை. நேற்று தெருவில் எதிரே வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வேண்டாம் என்றவளுக்குக் கோபம் வேறா, நீங்களே சொல்லுங்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களுக்கே பேச்சு புரியவில்லை, வல்லரசுகளைக் குறை சொல்லி என்ன பயன்.

தங்கள் சேவல் வருகிற ஞாயிறு ஜெயிக்கட்டும். உலகம் எப்படியோ போகட்டும்.

இப்படிக்கு,
யோஸ்ட்

பி.கு.: தபால் நிலைய வாசலில் நின்று எழுதுகிறேன். ஃபெலிசா வழிமறித்துவிட்டாள்.

"ஏன் சார், நான் சரின்னு சொல்லி ஒம்பது நாளாச்சு. மனசு மாறிப்போச்சா? எங்கக்கா அன்னிக்கே உங்களுக்குச் சமைச்சு வச்சுட்டுக் காத்திருந்தா."

"நீ எப்போ சரின்னு சொன்னே?"

"கேட்டதுமே புருவத்தத் தூக்கினேனே, ரெண்டு தடவ. அப்புறம்தான சாப்பிட்டாச்சான்னு கேட்டேன்."

"போன்லயா தூக்கினே?"

"நீங்க போன்லதான கேட்டீங்க?"

கப்பல் சீட்டைக் கிழித்தாயிற்று. மேலே எழுதியதை வெளியிட்டால், அந்தத் தலைவர்களில் ஒருவர் புருவத்தைத் தூக்கியிருக்கலாம் என்று அடியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் கல்யாணம், அவசியம் வரவேண்டும். வருவீர்களா மாட்டீர்களா என்று நேரில் வந்து சொல்லவும், தயவுசெய்து போனில் வேண்டாம்.