கரைந்துபோன மாப்பிள்ளை

பெட்ரோல் என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு கூட்டுக்குடும்பம். நான்கு கார்பனில் தொடங்கிப் பன்னிரண்டு கார்பன் வரை நீளும் சங்கிலிகள், கிளை பிரிந்த சங்கிலிகள், வளையங்கள், வாசமாக வந்து வம்பு செய்யும் பென்சீன் வகையறா, கரும்பு வழியில் வந்து சேர்ந்த எத்தனால் என்று நூற்றுக்கணக்கான உறவுகள் அதற்குள் உண்டு. இந்தப் பட்டியலை நான் தூக்கத்திலும் சொல்வேன். (சொல்லியிருக்கிறேன் என்கிறார் கணவர்.) எரிபொருள் பரிசோதனைக் கூடத்தில் அதுதான் என் வேலை. இவ்வளவும் தெரிந்திருந்ததால்தான் என் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது.

திருமயத்தில் ஒரு மண்டபம். மேடையில் குத்துவதற்காக மாப்பிள்ளை பெயரும் என் பெயரும் தங்க நிறம் பூசிய தெர்மாகோல் எழுத்துகளில் வந்திருந்தன. ஷட்டரை ஏற்றிய கிரீஸ் கையோடு சித்தப்பா அட்டைப்பெட்டியைப் பிரித்தார். ‘கதிரவன்’ முழுக்கக் கறுப்புக் கிரீஸ்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் இருந்தது. முந்தைய சம்பந்தம் ஒன்று, பெண் பார்க்க வந்த நேரத்தில் கரண்டு போனதற்காகவே, ‘சகுனம் சரியில்லை’ என்று நின்றுபோயிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. கதிரவன் விஷயம் வேறு. பெட்ரோல் ஏன் மணக்கிறது என்று போனில் கேட்டுவிட்டு, என் பதிலைக் கடைசிவரை கேட்ட ஒரே மனிதர் அவர். அப்படி ஒருவரை விட்டுவிட நான் தயாராக இல்லை.

“இரும்மா, நான் பாத்துக்கிறேன்,” என்றேன்.

கிரீஸ் எண்ணெய் இனம், பெட்ரோலும் அதே இனம், கரைத்துவிடும். சித்தப்பா தன் பைக்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை பெயரை மட்டும் ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கினேன். குத்துவிளக்குப் பக்கம் பெட்ரோல் ஆகாது என்று வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன். கையுறைகூட மாட்டினேன். (பந்தி பரிமாறுகிறவர்களிடம் வாங்கியது.) ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தெர்மாகோலும் பென்சீன் வம்சம்தான்; பெட்ரோலில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கண்டதும் அப்படியே இளகிவிடும்.

ஊற்றினேன். கிரீஸ் போனது. கூடவே ‘க’வும் போனது. ஸ்ஸ்ஸ் என்ற சத்தத்தோடு மற்ற எழுத்துகளும் கூனிக் குறுகி உட்கார்ந்தன. தட்டில் மிஞ்சியது, மென்று துப்பிய சூயிங்கம் போல ஒரு பொன்னிற உருண்டை.

“மாப்பிள்ளை எங்க மலரு?” என்றார் சித்தப்பா.

“கரைஞ்சுட்டாரு சித்தப்பா.”

அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் உள்ளே நுழைந்தது.

“அய்யோ! தட்டை அங்கிட்டு எங்கயாச்சும் ஒளிச்சு வைடி!” என்று அம்மா துடித்தார். ஆனால் பெட்ரோலில் உள்ள சின்ன மூலக்கூறுகளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. முதலில் ஆவியாகி, எதிரில் வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கதிரவனின் அம்மா வேனை விட்டு இறங்கியதும் நேராக வேப்பமரத்தடிக்கே வந்தார். பின்னாலேயே அவர்கள் உறவுக்கூட்டம்.

“என்னத்தா, இம்புட்டு பெட்ரோல் வாடை?”

கிரீஸ், பெட்ரோல், பென்சீன், தெர்மாகோல் என்று வரிசை தவறாமல் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, “நல்ல நாளும் அதுவுமா...” என்று இழுத்தார்கள்.

அத்தை தட்டையே பார்த்தார். “இதுல எம் மகன் எங்கிட்டு இருக்கான்?”

“எல்லாம் ஒண்ணாக் கலந்துருச்சுங்க அத்தை. இனிமே பிரிக்க முடியாதுங்க.”

“ஒம் பேரு?”

“அதுல கிரீஸ் படலைங்க. நல்லாத்தான் இருக்கு.”

“அவன் மட்டும் தனியாக் கெடக்கவா? எடுத்துட்டு வா.”

கொண்டு வந்தேன். ‘மலர்விழி’யை ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையாலேயே அந்த உருண்டை மேல் வைத்தார்.

“ஊத்து.”

ஊற்றினேன். நானும் ஸ்ஸ்ஸென்று கதிரவனுக்குள் இறங்கினேன்.

“இப்ப வந்து பிரிங்க, பாப்போம்,” என்றார் அத்தை, உறவுக்கூட்டத்தைப் பார்த்து. அதன் பிறகு சகுனம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெயரே இல்லாத மேடையில் தட்டு மாற்றினோம். கதிரவன் என் பக்கம் சாய்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கரைச்சது பென்சீன் வகையறா மட்டுமா, இல்ல எத்தனாலும் சேந்தா?”

அந்த வீட்டுக்குள் பயமில்லாமல் நான் கால் வைத்தது அத்தை சொன்ன அந்த ஒற்றை ‘ஊத்து’வால்தான். ஆவியாக வேண்டியவை ஆவியாகி, உருண்டை இப்போது கல்லாக இறுகிவிட்டது. அத்தை வீட்டு ஷோகேஸில், கல்யாண போட்டோவுக்கு முன்னால் இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்.

“எம் மகனும் மருமகளும். எது யாருன்னு கேக்காதீங்க. அம்புட்டுப் படிச்ச இவளுக்கே தெரியலை.”